கிணறு கிடைக்கும், தண்ணீர் கிடைக்காது: தளத்தை எக்ஸ்போர்ட் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் கோயிலின் இணையதளத்தை இடம் மாற்றினேன். மொரீசியஸில் ரோஸ் ஹில் பக்கம் உள்ள சிறிய கோயில் அது. காவடியும் பால்குடமும் எடுப்பவர்கள் பெயர் பதியும் படிவம் அந்தத் தளத்தில்தான் இருந்தது. நிரல் எழுதாமலே தளம் கட்ட உதவும் வெப்சைட் பில்டர் ஒன்றுக்கு மாதச் சந்தா கட்டி வந்தோம். அதிலிருந்து தளத்தை ஜிப் கோப்பாக இறக்கி (இதைத்தான் எக்ஸ்போர்ட் என்கிறார்கள்), விலை குறைந்த ஒரு சர்வரில் ஏற்றினேன். திறந்து பார்த்தால் அச்சு அசலாக அதே தளம். நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

நான்கு நாள் கழித்து ஒரு பாட்டி போன் செய்தார். பேரனின் பெயரைப் பதிந்தாயிற்று, கோயிலிலிருந்து ஏன் யாரும் கூப்பிடவில்லை என்று கிரியோலில் கேட்டார். பார்த்தால் ஒரு பதிவுகூட வந்திருக்கவில்லை. படிவத்தை நிரப்பி அனுப்பினால் அதே பக்கம் மறுபடி திறந்துகொண்டது, அவ்வளவுதான். அனுப்பியவர்கள் பதிவாகிவிட்டது என்றே நினைத்திருந்தார்கள்.

கிணற்றை விற்றேன், தண்ணீரை விற்கவில்லை என்று வழக்காடியவன் கதை நமக்கெல்லாம் தெரியும். பில்டர்கள் தரும் எக்ஸ்போர்ட் பெரும்பாலும் அப்படித்தான் அமைகிறது. கண்ணுக்குத் தெரியும் பக்கங்கள் கைக்கு வரும். படிவம், தேடல், கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பக்கம், நிகழ்ச்சிப் பட்டியல், நன்கொடை வாங்கும் வசதி ஆகியவை அந்த நிறுவனத்தின் சர்வரில் ஓடுபவை. அவை ஜிப்பில் வராது. இறக்குவதற்கு முன் தளம் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதைவிட, அது என்னென்ன வேலை செய்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, இனி அதை யார் செய்வார்கள் என்றும் எழுதுங்கள். அந்த இடம் காலியாக இருக்கும் வரை தளத்தை மாற்ற வேண்டாம்.

எல்லா பில்டரும் எக்ஸ்போர்ட் தரும் என்று எண்ணுவது இன்னொரு தவறு. விக்ஸில் கட்டிய தளத்தை வெளியே எடுத்து வேறு சர்வரில் ஓட்ட முடியாது. ஸ்கொயர்ஸ்பேஸ் தருவது, வேர்ட்பிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருளில் ஏற்றுவதற்கான எக்ஸ்.எம்.எல். கோப்பு. அதில் ஒரு வலைப்பூப் பக்கம்தான் வரும், நிகழ்ச்சிப் பக்கங்களும் விற்பனைப் பக்கங்களும் வரா. வெப்ஃப்ளோவில் கட்டணத் திட்டம் இருந்தால் பக்கங்களை உருவாக்கும் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் கிடைக்கும். ஆனால் அதன் சி.எம்.எஸ்.ஸில் (உள்ளடக்கச் சேமிப்பில்) சேர்த்து வைத்த செய்திகளும் விழாக் குறிப்புகளும் அந்தப் பக்கங்களில் வரா, பட்டியல் வெறுமையாக நிற்கும். அவற்றைத் தனியே சி.எஸ்.வி. என்ற அட்டவணைக் கோப்பாக எடுக்க வேண்டும். சங்கத்துக்கோ பாடசாலைக்கோ புதிதாகத் தளம் கட்டப் போகிறவர்கள் இந்த வெளிவாசல் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுவது நல்லது.

அந்த நான்கு நாள் பதிவுகளை எப்படி மீட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குள் இன்னொரு ஆபத்து இருந்தது. போக வேண்டிய இடம் குறிக்கப்படாத படிவம், நிரப்பிய விவரங்களை அந்தப் பக்கத்தின் முகவரியிலேயே கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டி அனுப்பியிருந்தது. முகவரி சர்வர் லாகில், அதாவது வருகைகளைக் குறித்து வைக்கும் கோப்பில், பதிவாகும். லாகைத் திறந்தால் பக்தர்களின் பெயர்களும் தொலைபேசி எண்களும் வரிவரியாகக் கிடந்தன. எடுத்துக் கோயில் நோட்டில் எழுதிக்கொண்டேன், பாட்டிக்கும் பதில் சொன்னேன். ஆனால் மற்றவர்களின் சொந்த விவரங்கள் அப்படி வெறுமனே கிடக்கக் கூடாது. மொரீசியஸில் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சிறிய சங்கத்தில் தொண்டு செய்பவர்களுக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. படிவத்தை முறையாகப் பெற்றுக்கொள்ளும் ஒரு சேவையையோ சிறு நிரலையோ இணைத்து, நீங்களே பத்து முறை நிரப்பி அனுப்பிப் பார்த்த பிறகே திறந்துவிடுங்கள்.

படங்கள் விஷயத்தில் ஏமாறுவது மிக எளிது. ஏற்றிய அன்று எல்லாப் படமும் தெரியும். அவற்றில் பாதி பழைய நிறுவனத்தின் சர்வரிலிருந்தே வந்துகொண்டிருக்கலாம். சந்தாவை நிறுத்திக் கணக்கை மூடினால், கும்பாபிஷேகப் படங்கள் மொத்தமும் போய்விடும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. இறக்கிய ஃபோல்டரைக் கணினியில் வைத்து, வைஃபையை அணைத்துவிட்டு, பிரவுசரின் பழைய நினைவையும் அழித்துவிட்டுத் திறந்து பாருங்கள். எது காணாமல் போகிறதோ அது இன்னும் உங்களுடையதாகவில்லை.

இனி நம் எழுத்துக்கே உரிய சிக்கல். இதைப் பற்றி நான் பார்த்த ஆங்கில வழிகாட்டிகளில் யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் ‘கோயில்’ என்ற சொல்லில் ‘கோ’, கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் இரண்டு விதமாக எழுதப்படலாம். ககரத்துடன் ஓகாரக் குறி ஒரே குறியாகச் சேரலாம். அல்லது ஏகாரக் கொம்பும் காலும் இரண்டு குறிகளாகச் சேரலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். சர்வருக்கு இரண்டும் வேறு வேறு பெயர். பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயரைப் பிரித்த வடிவத்தில் சேமிக்கும். பக்கத்தில் உள்ள இணைப்போ சேர்ந்த வடிவத்தில் இருக்கும். லினக்ஸ் இயங்குதளம் ஓடும் சர்வரில் ஏற்றியதும் ‘பக்கம் இல்லை’ என்று வரும். எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் பெயர் சரியாகவே தெரியும், பிழை பிடிபடாது. கொ, கௌ போன்ற எழுத்துகளுக்கும் இதே கதி. பிரெஞ்சில் மேற்குறியுள்ள எழுத்துகளும் இப்படித்தான் பிரியும், ஆகவே மொரீசியஸிலும் பிரெஞ்சுத் தீவான ரியூனியனிலும் தளம் நடத்துபவர்களுக்கு இரண்டு பக்கமும் இடி.

இன்னொன்று: தமிழ் முகவரியை வாட்ஸாப்பில் ஒட்டும்போது அது விழுக்காட்டுக் குறிகளாக உருமாறலாம். ‘கோயில்’ என்ற மூன்றெழுத்துச் சொல் 54 குறிகளாக நீளும். பார்ப்பவர்கள் ஏதோ மோசடி இணைப்பு என்று பயந்து விலகுவார்கள். கோப்புப் பெயரையும் முகவரியையும் மேற்குறி இல்லாத ரோமன் சிற்றெழுத்தில் வையுங்கள். சிற்றெழுத்து என்பதும் முக்கியம், விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகக் கொள்ளும், லினக்ஸ் கொள்ளாது. பக்கத்தின் தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில் இருக்கட்டும், தமிழ் வாழ வேண்டிய இடம் அது.

எழுத்துருவிலும் கவனம் வேண்டும். எக்ஸ்போர்ட் செய்த பக்கம் பல சமயம் கூகுள் சர்வரிலிருந்தே எழுத்துருவை இழுத்துக்கொண்டிருக்கும். அப்படிச் செய்ததால் வாசகரின் ஐ.பி. முகவரி கூகுளுக்குப் போனது என்று 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒரு தளத்துக்கு எதிராக 100 யூரோ இழப்பீடு விதித்தது. ஐரோப்பியத் தரவுச் சட்டம் செல்லும் ரியூனியனில் இருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, அதை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். அளவைக் குறைக்கிறேன் என்று கண்ட கருவியால் அதை வெட்டாதீர்கள். எழுத்துகளைச் சேர்க்கும் விதிகளும் வெட்டுப்பட்டால் ‘கு’, ‘மு’, ‘ஸ்ரீ’ எல்லாம் உடைந்து நிற்கும். ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்துச் சோதிப்பவருக்கு இது தெரியாது.

பழைய முகவரிகளை மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. அழைப்பிதழில் அச்சிட்ட முகவரி, கியூ.ஆர். குறி, உறவினர்கள் பகிர்ந்த இணைப்பு எல்லாம் பழைய பக்கத்தையே காட்டும். ஒவ்வொன்றுக்கும் 301 திருப்பம் எழுதுங்கள், பழைய முகவரிக்கு வருபவரை அது தானாகவே புதிய பக்கத்துக்கு அனுப்பும்.

டொமைனை (தளத்தின் பெயர் முகவரியை) புதிய சர்வருக்கு மாற்றும்போது தளத்தை மட்டும் நினைத்து மின்னஞ்சலை விட்டுவிடுபவர்கள் நிறைய. அந்தப் பெயர் எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் டி.என்.எஸ். பட்டியலில், அஞ்சலுக்கு வழி காட்டும் எம்.எக்ஸ். பதிவுகளைப் படம் பிடித்து வையுங்கள், அவை விடுபட்டால் கோயிலுக்கு வரும் அஞ்சல் எல்லாம் நின்றுவிடும். பழைய பதிவை மற்ற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டி.டி.எல். மதிப்பை, மாற்றத்துக்கு ஒரு நாள் முன்பே 300 நொடிக்குக் குறையுங்கள். தவறு நேர்ந்தாலும் சில நிமிடங்களில் பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

எப்போது மாற்றுவது என்பதில்தான் நான் பெரிதும் தவறினேன். நம் தைப்பூசம் புயல் காலத்தில் வருகிறது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்கள் வெள்ளக்காடாயின. அந்த ஆண்டு தைப்பூசம் அதே மாதம் 25ஆம் தேதி. இப்படிப்பட்ட நாள்களில்தான் ஊர்வலம் உண்டா, நேரம் மாறியதா என்று பார்க்க மக்கள் தளத்துக்கு வருவார்கள். விரதம் தொடங்கும் முன் இரண்டு மாதம் தளத்தில் கை வைக்காதீர்கள். சித்திரை வருடப்பிறப்பு முடிந்த பிறகு தொடங்கினால் அமைதியாகச் செய்யலாம்.

பழைய சந்தாவை மட்டும் உடனே நிறுத்திவிட வேண்டாம். எங்கள் கோயிலில் இப்போது புதிய தளம் ஓடத் தொடங்கி இரண்டு மாதம் வரை பழையதையும் வைத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை வைஃபையை அணைத்துச் சோதிக்கிறோம், பாட்டியின் பேரன்தான் படிவத்தை நிரப்பிப் பார்க்கிறான்.