செடியில் மனிதப் புரதம்: பேண்ட் தெரிந்தால் மட்டும் போதாது

மருந்துக்கான மனிதப் புரதத்தைச் செடியின் இலையில் செய்யவைப்பதுதான் எங்கள் வேலை. போன வாரம் புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர், புரதம் இருக்கிறதா என்று ஆன்டிபாடியால் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படத்தோடு ஓடிவந்தார். "சார், பேண்ட் வந்துடுச்சு!" பேண்ட் என்பது அந்தப் படத்தில் புரதம் பட்டையாகத் தெரியும் கோடு. நல்ல கொழுத்த பேண்ட்தான். இலையிலிருந்து சாம்பிளை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டேன். பதிலைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே வேலை.

ஆன்டிபயாட்டிக் மறப்பது, குழாய்களை மாற்றி வைப்பது போன்றவற்றை ஆய்வகத்தில் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிட்டு மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

கொதிக்க வைத்த இலையை நம்புவது

இலையில் ஒரு சின்ன வட்டம் வெட்டி, எஸ்.டி.எஸ். என்ற சோப்பு போன்ற பொருள் கலந்த பஃபர் கரைசலில் போட்டு, கொதிக்க வைத்து, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஏற்றுவது எல்லோருக்கும் பிடித்த குறுக்குவழி. எஸ்.டி.எஸ்.ஸும் சூடும் சேர்ந்தால் புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ்கள் உடனே முடங்கிவிடும். கரையாமல் கட்டிதட்டிக் கிடக்கும் புரதமும் கரைந்து ஜெல்லுக்கு வந்துவிடும். செடி எவ்வளவு செய்தது என்பது தெரியும், சரி. கைக்கு எவ்வளவு வரும் என்பதைப் பற்றி அந்தப் பேண்ட் ஒன்றுமே சொல்லாது.

நான் ஒரு மனித சைட்டோகைனுக்கு (நோய் எதிர்ப்புச் செல்கள் பேசிக்கொள்ளும் புரதம்) ஆறு வடிவங்கள் செய்து, இப்படித்தான் கொதிக்க வைத்து ஒப்பிட்டேன். தடித்த பேண்ட் கொடுத்ததை மட்டும் வைத்துக்கொண்டு கிலோக்கணக்கில் நிக்கோடியானா பெந்தாமியானா (புகையிலையின் உறவுச் செடி) இலைகளில், ஜீனைச் செடிக்குள் கொண்டுசேர்க்கும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவை ஏற்றினேன். சாதாரண பஃபரில் அரைத்ததும் சாறு தேநீர் நிறத்துக்குப் போனது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றியபோது புரதத்தில் பெரும்பகுதி அடியில் வண்டலோடு படிந்தது. மேலே தப்பியதும் கொஞ்ச நேரத்தில் துண்டு துண்டானது. ஏழு மாதம் போச்சு. இன்றும் எரிச்சலூட்டுவது வேறு: பிற்பாடு பார்த்தால், பேண்ட் மெலிதாக இருக்கிறது என்று நான் தூக்கிப்போட்ட இன்னொரு வடிவம் அழகாகக் கரைந்தது.

இலையை அரைக்கும்போது செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பை உடைகிறது. அதுவரை அடைபட்டிருந்த புரோட்டியேஸ்களும் பீனால்களும் நம் புரதத்தின் மேல் பாய்கின்றன. பீனால்கள் ஆக்சிஜனேற்றமாகிப் பழுப்பாகி, புரதத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் முதல் நாளிலிருந்தே ஒரே இலையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியைக் கொதிக்க வையுங்கள். மறுபாதியை நீங்கள் பின்னால் பயன்படுத்தப்போகும் பஃபரிலேயே அரைத்து, சுழற்றி, தெளிந்த சாறு, வண்டல் இரண்டையும் ஜெல்லில் ஏற்றுங்கள். அதே சாற்றை இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு மறுபடியும் ஏற்றுங்கள். டேக் (புரதத்தைக் கண்டுபிடிக்க நாம் ஒட்டும் சிறு அடையாளம்) ஒரு முனையில் மட்டும் இருந்தால் மறுமுனை வெட்டுப்பட்டதா என்பது எளிதில் தெரியாது. புரதத்தையே அடையாளம் காணும் ஆன்டிபாடியையும் வைத்துப் பாருங்கள்.

சதவீதத்தில் பெருமையடிப்பது

"கரையும் மொத்தப் புரதத்தில் ஐந்து சதவீதம்" என்பார்கள். இலையில் கரையும் புரதத்தில் பாதிவரை ரூபிஸ்கோ என்ற ஒளிச்சேர்க்கை நொதி ஒன்றே இருக்கலாம். இலை முதிர்ந்து ரூபிஸ்கோ குறைந்தால், உங்கள் புரதம் துளிகூடக் கூடாமலே சதவீதம் ஏறும். ஒரு கிலோ பச்சை இலைக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்லுங்கள்.

சர்க்கரையைக் கடைசியில் யோசிப்பது

செடி தன் புரதங்களில் மாட்டும் சர்க்கரைச் சங்கிலிகளில் மனிதனின் அதே வகைச் சங்கிலிகளில் இல்லாத சைலோஸ் உண்டு, வேறு விதமாகப் பிணைந்த ஃபியூகோஸும் உண்டு. இரண்டையும் ஒடுக்கிய பெந்தாமியானா ரகங்கள் இருக்கின்றன. கே.டி.இ.எல். என்ற நான்கு அமினோ அமில வால் சேர்த்து, செல்லுக்குள் புரதம் மடிக்கப்படும் எண்டோபிளாச வலைக்குள்ளேயே நிறுத்தினால் மானோஸ் மிகுந்த சங்கிலிகள் கிடைக்கும். அவை சில மருந்துகளை ரத்தத்திலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும். ஆனால் அதே மானோஸ் சில இடத்தில் வரம். கோஷே (Gaucher) என்ற பரம்பரை நொதிக்குறைபாட்டு நோய்க்காக 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாலிகுளுசரேஸ் ஆல்ஃபா, கேரட் செல்களில் தயாராவது. அதை வாக்குவோலுக்கு அனுப்புவதால் மானோஸ் வெளியே தெரியும்படி சங்கிலி அமைகிறது, மேக்ரோபேஜ்கள் என்ற விழுங்கு செல்கள் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மருந்து உடம்பில் எங்கே போகவேண்டும் என்பதைத் தீர்மானித்துவிட்டு அப்புறம் ஜீனை வரையுங்கள்.

பி19 இல்லாமல் இறங்குவது

பி19 என்பது செடி வெளி ஜீனை ஒடுக்குவதைத் தடுக்கும் வைரஸ் புரதம். அது இல்லாவிட்டால் செடி உங்கள் ஜீனின் வாயை அடைத்துவிடும்.

பூத்த செடியில் அக்ரோபாக்டீரியம் ஏற்றுவது

வேண்டாம்.

உணவுப் பயிரை யோசிக்காமல் எடுப்பது

மக்காச்சோளம் கவர்ச்சிதான், விதையில் புரதம் மாதக்கணக்கில் கெடாது. ஆனால் 2002-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், புரோடிஜீன் நிறுவனத்தின் மருந்துச் சோளம் முந்தைய ஆண்டு உதிர்ந்த விதையிலிருந்து சோயா வயலில் தானாக முளைத்தது. அதன் மிச்சம் கிடங்குக்குப் போன சோயாவில் கலந்தது. சுமார் ஐந்து லட்சம் புஷல் (அமெரிக்கத் தானிய அளவை) சோயாவை அழிக்க வேண்டியதாயிற்று. நிறுவனத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம், அதற்கு மேல் துப்புரவுச் செலவு. பெந்தாமியானாவை யாரும் சாப்பிடுவதில்லை, அது பூப்பதற்குள் அறுத்தும்விடலாம்.