கடற்கரையில் பறவையும் வண்ணத்துப்பூச்சியும் பார்க்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெப்பமான கடற்கரைப் பகுதிக்குப் போனால் பறவை, வண்ணத்துப்பூச்சி இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். ஆனால் நாள் முழுக்க அலைந்தும், தொலைவில் நாலு கரும்புள்ளிகளைத் தவிர எதுவும் தெரியாமல் திரும்புகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் அவர்கள் கடிகாரத்தை வைத்துத் திட்டம் போட்டிருப்பார்கள், கடலின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் போன்ற கரைப்பறவைகள் நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்றில் இரை தேடுகின்றன. முழு வற்றத்தில் போனால் அவை கண்ணுக்கெட்டாத தூரத்தில் சிதறிக் கிடக்கும். நீர் ஏற ஏறச் சேற்றுப்பரப்பு சுருங்கி, பறவைகள் தாமாகவே கரைப்பக்கம் நகர்ந்து வரும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். இந்த நேரம் நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற திட்டமெல்லாம். வெளிச்சத்தையும் யோசிக்க வேண்டும். கிழக்கு பார்த்த கரையில் காலை வெயில் கடல் பக்கமிருந்து அடிக்கும். பறவை வெறும் நிழலுருவமாகத்தான் தெரியும். அங்கே மாலைதான் சரி.

அடுத்த தவறு, கூட்டமாக ஓய்வெடுக்கும் பறவைகளை நோக்கி நடப்பது. ஒரு படத்துக்காகக் கூட்டத்தையே எழுப்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது. 2022-ல் ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் கடந்தது. அப்படிப் பறக்க உடம்பில் சேர்க்கும் கொழுப்புதான் எரிபொருள். நாம் எழுப்பும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் வீணாகிறது. பறவைகள் தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கத் தொடங்கினாலே நின்றுவிடுங்கள்.

கூடு கட்டும் காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். உப்புக்கொத்திகளும் ஆலாக்களும் அலை எட்டாத மேட்டு மணலில் சின்னக் குழி பறித்து முட்டையிடும். மணல் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும் அந்த முட்டை காலடியில் கிடந்தாலும் தெரியாது. கடும் வெயிலில் தாய்ப்பறவை வயிற்றிறகை நீரில் நனைத்துவந்து முட்டைமேல் நின்று நிழல் கொடுக்கும். அதை விரட்டிவிட்டால் முட்டை சீக்கிரமே சூடேறிக் கெட்டுவிடும். ஒரு பறவை இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடினால், பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள். வந்த வழியே மெல்லத் திரும்புங்கள்.

புத்தகப் படத்தில் செந்நிறமாக இருக்கும் பறவையைத் தேடி ஏமாறுவதும் உண்டு. வடக்கே குளிர்நாடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் பல கரைப்பறவைகள் வெப்பக் கரைகளில் இருக்கும் மாதங்களில் பெரும்பாலும் சாம்பல் நிறம்தான். அலகின் நீளம், வளைவு, காலின் நிறம், இரை கொத்தும் விதம் ஆகியவற்றைப் பாருங்கள்.

வண்ணத்துப்பூச்சிக்குக் கதை வேறு. விடியற்காலையில் தேடிப் பயனில்லை. வெயில் பட்டு உடல் சூடானால்தான் பறக்கும். உச்சி வெயிலில் பல இனங்கள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். நடுக்காலைதான் பொற்காலம். பூக்களை மட்டுமே பார்ப்பதும் தவறு. ஈர மண்ணில் உப்பு உறிஞ்சக் கூடும் ஆண்பூச்சிகளையும், காய்ந்த தேள்கொடுக்குச் செடியிலும் கிலுகிலுப்பையிலும் மொய்க்கும் வரியன் என்ற வகை வண்ணத்துப்பூச்சிகளையும் தேடுங்கள். எருக்கஞ்செடியை ஒட்டி வெந்தய வரியன் பறக்கும். அதைப் போலவே வேடமிட்ட வேறோர் இனத்தின் பெண்ணும் உண்டு. பின்னிறக்கையின் நடுவில் மூன்று நான்கு சின்னக் கரும்புள்ளிகள் இருந்தால் அது வெந்தய வரியன். போலிக்கு அந்த இடத்தில் புள்ளிகள் இருக்காது. நெருங்கும்போது உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையால் பிடிக்கவே வேண்டாம், இறக்கைச் செதில் உதிர்ந்துவிடும்.

பைனாகுலர் வாங்கும்போது பெருக்கம் அதிகமிருந்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். 12 மடங்கு கையில் ஆடும். 8×42 (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. அகல முன்லென்ஸ்) போதும், ஆனால் இரண்டு மீட்டருக்குள் இருப்பதும் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள், வண்ணத்துப்பூச்சிக்கு அது அவசியம். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வெளியே வையுங்கள். அப்புறம், டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்த கொசு மருந்து பிளாஸ்டிக்கைக் கரைக்கும். அதைத் தடவிய கையோடு பைனாகுலரைத் தொடாதீர்கள்.