பிரெஸ்ட் பம்ப்பில் பால் குறைந்தது: குற்றம் வால்வில் இருந்தது

தாய்ப்பால் எடுக்கும் பிரெஸ்ட் பம்ப்பின் மோட்டார் சத்தத்தில் மாற்றமில்லை. ஆனால் வழக்கமாக வரும் பாலில் பாதிதான் பாட்டிலில் சேர்ந்தது. நேரடியாகக் குடிக்கும்போது குழந்தை நன்றாக விழுங்கியது, அது நனைக்கும் துணிகளும் குறையவில்லை. ஆகவே சுரப்பு குறையவில்லை, பம்ப்பில்தான் கோளாறு.

முதலில் இழுவிசையைக் கூட்டினேன். காம்பு வலித்தது, பால் கூடவில்லை. சார்ஜ் முழுதாக ஏற்றியும், டியூப்பை மாற்றியும் பயனில்லை. மார்பில் வைக்கும் புனலின் அளவையும் சரிபார்த்தேன்: காம்பின் விட்டத்தைத்தான் மில்லிமீட்டரில் அளக்க வேண்டும், கருவட்டத்தைச் சேர்க்கக் கூடாது. அதுவும் சரியாகவே இருந்தது.

கடைசியில் வாத்தின் அலகு போலிருக்கும் சிறிய சிலிகோன் வால்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனியில் பால் இறங்கும் கீறல் முழுதாக மூடவில்லை, மயிரிழை இடைவெளி. அதன் வழியே காற்று கசிந்தால் ஒவ்வொரு இழுப்பிலும் வெற்றிடம் குறையும். மோட்டார் வழக்கம்போல் ஓடுவதால் சந்தேகமே வராது. பக்கவாட்டில் லேசாக அழுத்தினால் கீறல் திறக்க வேண்டும், விட்டவுடன் ஒட்டிக்கொள்ள வேண்டும். இல்லையேல் தூக்கிப் போட வேண்டியதுதான்; அது தேயும் பாகம்.

அதே மாடலுக்கான புதிய வால்வைப் போட்டதும் இழுவை பழையபடி வந்தது. அப்பாடா!

வால்வுக்குள் பிரஷ்ஷை நுழைக்காதீர்கள், அதனால் கீறல் கிழிந்துவிடலாம். வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசி, நல்ல நீரில் கழுவிக் காற்றில் உலர்த்துங்கள். மாற்று வால்வு ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.