ஆப்பிரிக்க எல்லைத் தகராறைப் புரிந்துகொள்வது எப்படி?

இன்றைய வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, முதலில் காலனிக் கால ஒப்பந்தத்தைத் தேடுங்கள். சுதந்திரத்தின்போது இருந்த எல்லைகளையே மதிப்பதென்று ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1964-இல் கெய்ரோவில் தீர்மானித்தது. மொரோக்கோவும் சோமாலியாவும் அதை ஏற்கவில்லை. நைஜீரியாவும் கேமரூனும் உரிமை கோரிய பகாசி தீபகற்பம் கேமரூனுக்கே என்று சர்வதேச நீதிமன்றம் 2002-இல் சொன்னதற்கு முக்கிய அடிப்படை, 1913-ஆம் ஆண்டு பிரிட்டன்–ஜெர்மனி ஒப்பந்தம். அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் நைஜீரியர்கள் என்பது தீர்ப்பை மாற்றவில்லை.

அடுத்து, எல்லை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். தாளில் கோடு போடுவது வேறு, தரையில் தூண் நடுவது வேறு. பலரும் சறுக்குவது இங்கேதான். எத்தியோப்பியாவும் எரித்திரியாவும் மோதிய 1998–2000 போருக்குப் பின், பத்மே ஊர் எரித்திரியாவுக்கு என்று எல்லை ஆணையம் 2002-இல் முடிவு செய்தது. அதை முழுமையாக ஏற்பதாக எத்தியோப்பியா அறிவித்தது 2018-இல்தான். தீர்ப்பு வந்ததாலேயே தகராறு தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

கோட்டைத் தாண்டி மேய்ச்சலுக்குப் போகிறவர்களை மறந்துவிடவே கூடாது. சூடானின் மிசேரியா மேய்ப்பர்கள் வறண்ட மாதங்களில் தண்ணீர் தேடி, சூடானும் தென் சூடானும் உரிமை கோரும் அபியே பகுதிக்குள் மாடுகளை ஓட்டி வருவார்கள். அங்கே வாழும் இங்கோக் டிங்கா மக்களுடன் உரசல் வருவது அப்போதுதான். 2009-இல் எல்லை வகுத்த தீர்ப்பாயமே அந்த மேய்ச்சல் உரிமை தொடரும் என்றது. அங்கே மோதல் என்று செய்தி வந்தால், எந்த மாதம் என்பதையும் பாருங்கள்.