கடலூர், புதுச்சேரிப் பக்கம் கான்கிரீட் போடுகிறீர்களா? முதலில் ஜல்லியைச் சோதியுங்கள்

கடலோரம் கட்டுகிறவர்கள் கம்பி துருப்பிடிப்பதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறோம், அது நியாயம்தான். ஆனால் கம்பிக்குச் சம்பந்தமே இல்லாமல் கான்கிரீட்டைப் பிளக்கிற இன்னொன்று இருக்கிறது: அல்கலி-சிலிகா வினை, சுருக்கமாக ஏ.எஸ்.ஆர். ஜல்லியிலோ மணலிலோ இருக்கிற சில வகை சிலிகாவை சிமெண்டில் உள்ள சோடியம், பொட்டாசியம் அல்கலி (காரம்) கரைத்து ஜெல்லாக மாற்றுகிறது. அந்த ஜெல் தண்ணீரைக் குடித்து, ஊறிய சப்ஜா விதை மாதிரி உப்பி, உள்ளிருந்தே கான்கிரீட்டைத் தள்ளுகிறது. 1940-இல் கலிஃபோர்னியாவில் தாமஸ் ஸ்டாண்டன் இதை விளக்கினார். நம் நாட்டில் ஹிராகுட், ரிஹந்த் அணைகளில் பார்த்திருக்கிறார்கள். விரிசல் வெளியே தெரிய வருவதற்குள் வருடக்கணக்கில் ஆகிவிடும், தெரிந்த பிறகு வினையை முழுசாக நிறுத்த வழியில்லை. அதனால் செய்ய வேண்டியதெல்லாம் கான்கிரீட் போடுவதற்கு முன்னால்தான்.

வீட்டு உள்சுவர், உள்தூண் என்றால் பெரிதாகப் பயப்பட வேண்டாம், ஏனென்றால் கான்கிரீட்டுக்குள் ஈரப்பதம் சுமார் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் ஜெல் உப்பும். சம்ப், மேல்நிலைத் தொட்டி, அஸ்திவாரம், பாலம், படகுத்துறை, மழை நேரடியாக அடிக்கிற தூண் இதெல்லாம்தான் கவனிக்க வேண்டிய இடங்கள்.

சரி, சோதனைக்கு வருவோம். கிரஷரில் ஜல்லிக் குவியலின் மேலே கிடப்பதை மட்டும் அள்ளி வராதீர்கள். மேலே, நடுவே, அடியே என்று பல இடத்தில் எடுத்துக் கலந்து, நாலாகப் பிரித்துக் குறைத்து, பையில் குவாரி பெயரும் தேதியும் எழுதுங்கள். எம்-சாண்ட், ஆற்று மணல் எது போடுகிறீர்களோ அதற்கும் தனியாக ஒரு பை. முதலில் கல்லை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்க்கும் பெட்ரோகிராஃபி செய்யச் சொல்லுங்கள். சால்செடனி, செர்ட், ஓபல் மாதிரி வேகமாக வினைபுரியும் சிலிகா வகைகள் இருக்கிறதா, அழுத்தத்தில் நெளிந்த குவார்ட்ஸ் இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் சிலிகாதான். அந்த மரங்கள் கிடக்கிற கடலூர் மணற்பாறைப் பகுதியிலிருந்து வரும் கூழாங்கல், சரளை எதையும் சோதிக்காமல் கான்கிரீட்டில் போட வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்தது மார்ட்டார் பார் (சிமெண்ட் சாந்துக் கம்பு) சோதனை. கல்லை உடைத்துச் சலித்து, 4.75 மி.மீ. முதல் 150 மைக்ரான் வரைக்கும் அளவுப்படி பிரித்து, சிமெண்ட் 1 பங்குக்கு கல் 2.25 பங்கு சேர்த்து 25 மி.மீ. சதுரக் கம்பு வார்ப்பார்கள். அச்சில் ஒரு நாள், 80 டிகிரி தண்ணீரில் ஒரு நாள், அப்புறம் லிட்டருக்கு 40 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைத்த 80 டிகிரி கரைசலில் 14 நாள். கம்பின் அளவு நீளம் 250 மி.மீ. என்றால், 0.25 மி.மீ. நீண்டாலே 0.10 சதவீதம் ஆகிவிடும், அதுதான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே என்றால் பொதுவாகப் பரவாயில்லை, 0.20-ஐத் தாண்டினால் அந்தக் கல் ஆபத்து, நடுவில் நின்றால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். அளக்கிறவர் கம்பைக் கரைசலிலிருந்து எடுத்துச் சில நொடிகளுக்குள் அளந்துவிட வேண்டும், ஆறவிட்டால் சுருங்கி, வருகிற எண் தப்பாகிவிடும், அதனால் முடிந்தால் நேரில் போய் நின்று பாருங்கள்.

ஆனால் நம் பக்கம் கிடைப்பது பெரும்பாலும் சார்னோகைட், கிரானைட், நைஸ் வகைக் கருங்கல். இதில் நெளிந்த குவார்ட்ஸ் இருந்தால் வினை ரொம்ப மெதுவாக நடக்கும், 14 நாள் சோதனையில் தப்பித்துவிடவும் கூடும். மெதுவான கல்லுக்கென்று ஜல்லி, மணலுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 383 சொல்கிற 60 டிகிரி சோதனையைக் கேளுங்கள் (90 நாளில் 0.05, 180 நாளில் 0.06 சதவீதத்துக்குள்). பெரிய வேலை என்றால் 38 டிகிரியில் ஒரு வருடம் ஓடும் கான்கிரீட் பிரிசம் (கான்கிரீட்டிலேயே வார்த்த கம்பு) சோதனைதான் நம்பகமானது. அதில் எல்லை 0.04 சதவீதம். அவசரம் என்று யாராவது 14 நாள் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டினால், பெட்ரோகிராஃபி எங்கே என்று கேளுங்கள்.

தடுப்பதில் நம் கையில் உள்ள பெரிய ஆயுதம் ஃப்ளை ஆஷும் (அனல்மின் நிலையச் சாம்பல்) ஸ்லாகும் (இரும்பு உலைக் கசடு). கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் குறைந்தது 20 சதவீதம் ஃப்ளை ஆஷ் அல்லது 50 சதவீதம் ஸ்லாக் என்கிறது. பி.பி.சி. (ஃப்ளை ஆஷ் கலந்தே வரும் சிமெண்ட்) மூட்டையில் எத்தனை சதவீதம் ஃப்ளை ஆஷ் என்று அச்சிட்டிருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். இங்கே ஒரு விஷயம் முக்கியம்: நெய்வேலி பக்கத்தில் இருப்பதால் அந்தச் சாம்பல் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் லிக்னைட் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அப்படிப்பட்ட சாம்பல் ஏ.எஸ்.ஆரை அடக்குவதில் பலம் குறைந்தது. கால்சியம் ஆக்சைடு 10 சதவீதத்துக்குக் கீழே உள்ள சாம்பலையே இதற்குத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் நீங்கள் போடப்போகிற அதே கலவையில் மார்ட்டார் பார் செய்து பார்த்துவிட்டு அளவைக் கூட்டுங்கள்.

ஓ.பி.சி.தான் (சாம்பல் கலக்காத சாதாரண சிமெண்ட்) என்றால் அல்கலி 0.6 சதவீதத்துக்கு மிகாத சிமெண்ட் வேண்டும். கம்பெனியின் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டில் சோடியம் ஆக்சைடு எண்ணோடு, பொட்டாசியம் ஆக்சைடை 0.658-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், வருவதுதான் மொத்த அல்கலி. ஒரு கனமீட்டருக்கு 400 கிலோ சிமெண்ட், அல்கலி 0.8 சதவீதம் என்றால் 3.2 கிலோ அல்கலி. பல நாடுகளில் 3 கிலோவைத் தாண்டவிடுவதில்லை. பலத்துக்காகத் தேவைக்கு மேல் சிமெண்ட் கொட்டுவது இங்கே எதிராகத்தான் வேலை செய்யும். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரிக் கரையோர இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கலவைக்கும் க்யூரிங்குக்கும் தொடவே வேண்டாம், உப்பிலிருக்கும் சோடியம் அல்கலியைக் கூட்டும், குளோரைடு கம்பியையும் தின்னும்.

ஏற்கெனவே கட்டியதில் விரிசல் என்றால் அவசரப்பட்டு ஏ.எஸ்.ஆர். என்று முடிவு கட்டாதீர்கள். கம்பி போகிற கோட்டிலேயே விரிசலும் பழுப்புக் கறையும் இருந்தால் அநேகமாக அது துரு. வறண்ட ஏரித் தரையில் போல வலைவலையாக விரிந்து, ஓரங்களில் வெள்ளையாகவோ பிசுபிசுப்பாகவோ கசிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், அப்போதும் கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதி. உறுதியானால் முதல் வேலை தண்ணீர் வரும் வழியை அடைப்பது: ஒழுகலை நிறுத்தி, வடிகால் சரிசெய்து, உலர்ந்த பரப்பில் சிலேன் (தண்ணீரை உள்ளே விடாத பூச்சு) பூசுவது. விரிவு நிற்பதற்கு முன் விரிசலில் எபாக்சி (இறுகும் பிசின்) அடைத்தால் பக்கத்திலேயே புது விரிசல் வரும்.