லீடர் கையில் சாக்பீஸ்

பி.எட். பயிற்சிக்கு எங்கள் பள்ளிக்கு வரும் இளம் ஆசிரியர்களின் வகுப்பில், பின்பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பது என் வேலைகளில் ஒன்று. பாடம் நன்றாகவே நடத்துகிறார்கள். பிள்ளைகளைக் கையாளும்போதுதான் நான் அன்று சறுக்கிய அதே இடங்களில் சறுக்குகிறார்கள். அடிக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பேசுபவர்கள் பெயரை எழுத வைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. "பேசுறவங்க பேரை எழுதி வை" என்று லீடரிடம் சாக்பீஸைக் கொடுத்துவிட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போவது. ஏழாம் வகுப்பில் நானும் அதைத்தான் செய்தேன். திரும்பி வந்தால் பலகையில் ஏழெட்டுப் பெயர்கள், சிலவற்றுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பெருக்கல் குறிகள். ஒரு வார்த்தை கேட்காமல் அத்தனை பேரையும் வெளியே நிறுத்துவேன்.

ஒரு பையனின் பெயர் தினமும் முதலில் இருக்கும். ஒருநாள் கூப்பிட்டேன், யாரும் எழுந்திருக்கவில்லை. அட்டெண்டன்ஸைப் பார்த்தால் அவன் அன்று லீவு. லீடரைக் கேட்டேன். "அவன் எப்பவும் பேசுவான்ல டீச்சர்" என்றாள்.

மறுநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். "பேசலைன்னாலும் எழுதுவாங்க, அதான் பேசிடுறேன்." எலந்தவடை கொடுத்தால் பெயர் அழியும் என்பதும் அவன் சொல்லித்தான் தெரிந்தது. முழுப்பரீட்சை வரைக்கும் அவன் என் கணக்கு வகுப்பில் கை தூக்கவே இல்லை. அந்த லீடர் பெண்ணோடும் யாரும் சேர்ந்து சாப்பிடவில்லை. இரண்டுக்கும் நான்தான் காரணம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. பலகையில் பெயர் போட்டு வெளியே நிறுத்துவதை நான் அந்தக் கணக்கில்தான் வைப்பேன்.

பிள்ளைகள் பேசியது சும்மா இருந்த ஐந்து நிமிடத்தில். இப்போதெல்லாம் நான் நகர்வதற்கு முன்பே பலகையில் இரண்டு கணக்கு இருக்கும்.

ஆளுக்கொரு நியாயம்

முதல் ரேங்க் பிள்ளை கத்திப் பதில் சொன்னால் "வெரி குட்", கடைசி பெஞ்சுக்காரன் கத்தினால் "உட்காருடா". திங்கட்கிழமை விட்டதைச் செவ்வாய்க்கிழமை தண்டிப்பதும் இதே தவறுதான். எப்போதாவது பலன் கிடைக்கும் பழக்கம் லேசில் போகாது. ஸ்கின்னர் என்ற உளவியலாளர் சொன்னதாகப் பரீட்சைக்குப் படித்தது இதைத்தான்.

வெறும் "குட்"

எதற்கென்று சொல்லுங்கள். "அவ முடிக்கிற வரைக்கும் காத்திருந்தே, பார்த்தேன்." மேசைப் பக்கம் போய், மெதுவாக.

ஒருவனுக்காக வகுப்புக்கே இம்போசிஷன்

கூடவே கூடாது.

"அம்மாவைக் கூட்டிட்டு வா"

அந்த அம்மாவுக்கு ஒருநாள் கூலி போகும். முதலில் பையனிடம் பேசுங்கள்.