பழைய தூண்டில் ஈயத்தை உருக்க முன்
கடலில் போட்டெடுத்த ஈயக்குண்டுகளை உருக்கி வார்ப்பதென்றால், அடுப்பு மூட்ட முன்னமே எல்லாவற்றையும் சட்டிக்குள் போட்டு, மெல்லிய நெருப்பில் தொடங்குங்கள். உருகிய ஈயத்துக்குள் பிறகு ஒன்றைக்கூடப் போட வேண்டாம்.

ஈயம் உருகுவது 327 பாகை செல்சியசில். தண்ணீர் 100 பாகையிலேயே ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரியும். தூண்டில் நரம்பு கோர்க்கும் துளையில் உப்பும் மணலும் அடைத்த இடத்தில் ஒரு துளி ஈரம் நின்றாலே போதும், உருகிய ஈயம் முகத்துக்குத் தெறிக்கும். முகத்துவாரத்துக் கடற்காற்றில் வெளியே காய்ந்த குண்டு உள்ளே காய்ந்திருக்காது. ஆறின சட்டியிலிருந்து சூடேறினால், ஈயம் உருக முன்னமே அந்த ஈரம் போய்விடும்.

ஈயத்தை வார்க்கும் அச்சின் ஈரத்துக்கு இது உதவாது. அதைத் தனியாகச் சூடாக்கியே வார்க்க வேண்டும். பற்றரிக்குள் இருக்கும் ஈயத் தகடுகளை மட்டும் எந்த முறையிலும் வீட்டில் உருக்காதீர்கள். அவற்றின் தூசும் புகையும் நஞ்சு.